சின்னக்கண்ணு உட்கார ஓர் இடம்

விழுப்புரத்திலிருந்து திருவாமாத்தூர் போகிற வண்டிப்பாதை ஏரிக்கரையை ஒட்டித் திரும்புகிற இடத்தில் ஒரு சேரி இருந்தது. அந்தச் சேரியில் சவுரியம்மாளின் குடிசையை யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கதவில் சீமெண்ணெய்த் தகரத்தை வெட்டி விரித்து அடித்திருக்கும். வெயில் பட்டால் ஏரிக்கரையிலிருந்தே மின்னும். அந்தத் தகரத்தை அடித்தவள் அவள்தான். தேய்ந்துபோன களைக்கொட்டு அவளுக்கு உளி. கைக்கு அடக்கமான ஒரு கூழாங்கல் சுத்தியல். புருஷன் சின்னக்கண்ணு விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிவிட்டு வரும்போது மடியில் எதையாவது முடிந்துகொண்டு வருவான். பெட்டியிலிருந்து தெறித்து விழுந்த ஆணி, அறுந்த சணல், கிழிந்த சாக்கு. வளைந்த ஆணியைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்துவாள். சாக்கைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கிக் காயவைத்து, படுக்கிற இடத்துக்கு மேலே கட்டினாள். கூரையிலிருந்து தேள் விழுந்தால் அதிலேயே தங்கிவிடும்.

பிறந்த பிள்ளைகள் மூன்றும் தங்கவில்லை. "அவ புள்ளைய வளக்கலடி, வூட்ட வளக்கறா" என்று பக்கத்துக் குடிசை அஞ்சம்மாள் சொல்லுவாள். கேலிதான். ஆனாலும் மழைக்காலத்தில் தன் விறகைக் கொண்டுவந்து வைக்க அஞ்சம்மாளுக்கு அந்த வீடுதான் வேண்டியிருந்தது.

முப்பத்தாறாம் வருஷம் மாசி மாதம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகள் ஷெட்டுக்குள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. அடியில் ஒரு மூட்டை நனைந்திருந்திருக்க வேண்டும். அடுக்கு மொத்தமும் சரிந்து சின்னக்கண்ணுவின் வலது காலின் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தான். எலும்பு கூடியது, முட்டி மடங்கவில்லை. கால் தொடையிலிருந்து குதிகால் வரை உலக்கை மாதிரி நீட்டியபடியே நின்றுபோய்விட்டது. கவட்டைக் கொம்பை வெட்டி அக்குளுக்குத் துணி சுற்றிக்கொடுத்து அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

காலை மடக்க முடியாதவன் குடிசையில் வாழ முடியாது. இது அவளுக்கு வீட்டுக்கு வந்த அன்றே தெரிந்துவிட்டது. குனிந்து நுழைகிற வாசல். அவனால் குனிந்து காலை மடக்கி உள்ளே வைக்க முடியவில்லை. தரையில் உட்கார்த்த வேண்டுமானால் மரத்தைச் சாய்ப்பதுபோலப் பிடித்து மெல்லச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் எழுப்ப இன்னோர் ஆள் வேண்டும். ஆகவே பகலெல்லாம் நின்றான். வாசலில் நின்ற பூவரசமரத்தில் முதுகைக் கொடுத்து நின்றபடியே கேப்பைக் கூழைக் குடித்தான். காலை வேளையில் ஓடைப் பக்கம் போய்வருவதுதான் எல்லாவற்றையும் விடக் கொடுமை. அதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

முதலில் அவள் வாசலை உயர்த்தினாள். மேல் சுவரை இடித்து, யாரோ ஏரிக்கரையில் போட்டுவிட்டுப் போன ஒடிந்த நுகத்தடியை விட்டமாகக் கொடுத்து, மண்ணும் வைக்கோலும் மிதித்துப் பூசினாள். அதற்கப்புறம் சுவரோடு ஒரு மண்மேடை கட்டினாள். அதில் அவன் ஏறி உட்கார்ந்தான்; ஆனால் நீட்டிய கால் தாங்கலில்லாமல் தொங்கியது, உடம்பு முன்னால் வழுக்கியது. ஐப்பசி அடைமழையில் கூரைத் தண்ணீர் இறங்கி மேடையும் கரைந்துபோயிற்று.

"ஆஸ்பத்திரியில நாற்காலி ஒண்ணு இருந்துது சவுரி" என்றான் ஒருநாள். "கட்டுப் போடறப்ப அதுல குந்த வைப்பாங்க. சாஞ்சிக்கினு, கைய இந்தாண்ட அந்தாண்ட வச்சிக்கினு குந்தினா, காலு நோவறதே தெரியல."

ஆசையாகச் சொல்லவில்லை. பார்த்த ஊரைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அவளுடைய அக்கா லூர்துமேரி திண்டிவனத்தில் இருந்தாள். ரோட்டு வேலை பார்க்கிற ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பெருக்கித் துடைக்கிற வேலை. துரை மாற்றலாகிப் போகப்போகிறார், சாமான்களை விற்கிறார்கள் என்று சேதி வந்ததும் சவுரியம்மாள் ரயிலேறினாள். விற்கிறதை வாங்க அவள் போகவில்லை. விற்காததைப் பார்க்கப் போனாள்.

குதிரை லாயத்துக்குப் பின்னால் அது கிடந்தது. கை வைத்த நாற்காலி. பிரம்பு முழுக்கப் பிய்ந்துபோய் நடுவில் ஓட்டை. ஒரு காலைச் செல்லரித்துவிட்டது, ஒரு கை காணவில்லை. சவுரியம்மாள் அதைக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள், முதுகுக் கட்டையை விரலால் தட்டிப்பார்த்தாள்.

"அடுப்புக்குத்தான் ஆவும்மே அது" என்றாள் லூர்துமேரி. "தோட்டக்காரன் ஒடைக்கலாம்னு இருந்தான்."

"தொரசானிகிட்ட ஒரு வார்த்த கேளுக்கா. ஒடைக்கறத நான் எடுத்துக்கினு போறேன்."

துரைசானிக்கு எதைக் கேட்கிறார்கள் என்றே புரியவில்லை. கையை வீசி எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

திண்டிவனம் ஸ்டேஷனில் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றவளைப் பார்த்து டிக்கெட் கேட்கிறவர், "யாருது இது?" என்றார். "எங்க தொர வூட்டுதுங்க. வியுப்புரத்துல ரிப்பேருக்குக் குடுக்கச் சொன்னாங்க" என்றாள். தன்னுடையது என்று சொன்னால் திருட்டுப் பொருள் ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். விழுப்புரத்தில் இறங்கி, ஊர் வழியாகப் போகாமல் வயல் வரப்பில் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

அந்தக் கோடை முழுக்க நாற்காலி வேலைதான். களை எடுத்துவிட்டு வந்து, உலை வைத்துவிட்டு உட்காருவாள். செல்லரித்த காலை அறுத்தெடுக்க, சந்தையில் பழைய இரும்பு விற்கிறவனிடம் ஒரு ரம்பத் துண்டு கிடைத்தது. பிடி இல்லை, துணி சுற்றிக்கொண்டாள். கருவேலங்கட்டையைச் சீவிச் சீவி மற்ற மூன்று கால்களின் உயரத்துக்குக் கொண்டுவந்தாள். இல்லாத கைக்கு ஏரிக்கரையில் கிடந்த, தண்ணீர் இறைக்கிற ஏற்றக் கழியின் துண்டு வாய்த்தது. எத்தனையோ கைகள் பிடித்து வழவழவென்று ஆகியிருந்த மரம். பிரம்புக்குப் பதில் பனைநாரை ஊறவைத்துக் கட்டில் பின்னுகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினாள். கடைசியில், நீட்டிய கால் கிடக்க ஒரு முக்காலிக் கட்டையும் செய்தாள்.

"இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்று அவன் அடிக்கடி கேட்டான். ஆனாலும் நாரைக் கிழித்துக் கொடுத்தவன் அவன்தான்.

பூவரசமர நிழலில் போட்டு, அவனை முதுகுப்பக்கமாகத் தாங்கி உட்காரவைத்தாள். இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டான். காலைத் தூக்கிக் கட்டைமேல் வைத்தாள். கழித்துண்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப்பார்த்தான். பிறகு, "நீ போய் வேலையப் பாரு" என்றான். அவள் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோது, கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. அடிபட்ட பிறகு பகலில் அவன் தூங்கியது அதுதான் முதல் தடவை.

அதன்பின் சில மாதங்கள் நன்றாகப் போயின. உட்கார்ந்தபடியே நார் திரித்துக் கயிறு பண்ணினான். மாடு கட்டுகிற தும்பு, பிடிகயிறு, கூடைக்குக் கட்டுகிற கயிறு. அஞ்சம்மாள் விற்றுக்கொடுத்தாள். நாற்காலியின் இரண்டு கைகளையும் ஊன்றி, நல்ல காலில் பாரத்தைக் கொடுத்து அவனே எழுந்திருக்கவும் பழகிக்கொண்டான்.

பூவரசமரத்தை ஒட்டிப் போகிற பாதைதான் ஏரிக்குப் போகிற பாதை. பெரிய வீட்டு சுப்பராயலு தன் நிலத்தைப் பார்க்க அந்த வழியாகத்தான் போவார், வருவார். அவர் கோபக்காரர் இல்லை. சத்தம்போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. ஒருநாள் ஆளனுப்பிச் சவுரியம்மாளைக் களத்துமேட்டுக்கு வரச்சொன்னார். கைகட்டித் தள்ளி நின்றாள்.

"இன்னா சவுரி, ஒம் புருஷன் கலெக்டர் ஆயிட்டானாமே?"

"காலு மடங்காதுங்க ஆண்டே. அதுக்குத்தான் குந்தறதுக்கு..."

"தெரியும். நானும் பாத்தேன். நாற்காலில குந்திக்கினு, என் எதுருல காலையும் நீட்டிக்கினு இருக்கறான். நான் ஒண்ணும் சொல்லல. எங்கூட வர்ற நாலு பேரு சொல்றாங்க. நான் களத்துல குந்தறேன்ல, அதே ஒசரத்துல அவனும் குந்தறான்னு பேச்சாயிப் போச்சு." ஓரமாக வெற்றிலையைத் துப்பினார். "ஒடைக்கச் சொல்லல. காலக் கொஞ்சம் கொறச்சிடு."

"எந்தக் கால ஆண்டே?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே திடுக்கென்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுப்பராயலுவும் சிரித்தார்.

"நாற்காலிக் காலத்தாண்டி."

அதே ரம்பத் துண்டால் அவளே அறுத்தாள். சின்னக்கண்ணு மரத்தில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் கொஞ்சம் கொற. அப்புறம் மறுபடி கூப்பிடுவாங்க" என்றான். ஒரு சாண் போயிற்று. அறுத்த துண்டுகளை அன்றைக்கே அடுப்பில் வைத்தாள்.

தாழ்ந்த நாற்காலியில் அவனால் உட்கார முடிந்தது; எழுந்திருக்க முடியவில்லை. காலையில் அவள் உட்காரவைத்துவிட்டுப் போனால் அவள் திரும்பிவருகிற வரை அங்கேயேதான். ஆவணியில் நடவு நடந்துகொண்டிருந்தபோது மத்தியானம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. சேரியில் எல்லாரும் வயலில் இருந்தார்கள். அவள் ஓடிவந்தபோது அவன் தொப்பலாக நனைந்து, நாற்காலியில் அப்படியே இருந்தான். கயிற்றுக் கட்டை மடியில் போட்டுக் கவிழ்ந்து மறைத்து வைத்திருந்தான். அது நனைந்தால் வீணாகிவிடும். மழைத்தண்ணீர் மட்டும் அல்ல, அவன் அடக்க முடியாமல் வேட்டியும் நனைந்திருந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவன் அழுதான் என்று பிறகு லூர்துமேரியிடம் சொன்னபோது, மழையில் சரியாகத் தெரியவில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள்.

மறுநாளே பூவரசங்கிளையில் கயிறு போட்டாள். அவன் திரித்த கயிறுதான். முனையில் கைப்பிடிக்கு உடைந்த உலக்கைத் துண்டைக் குறுக்காகக் கட்டினாள். இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தொங்கி, உடம்பை உந்தி, நல்ல காலை ஊன்றி அவன் எழுந்துவிட்டான். நேரம் பிடிக்கும், மூச்சிரைக்கும், ஆனாலும் எழுந்துவிட்டான். அன்று சவுரியம்மாள் சிரித்ததை அஞ்சம்மாள் பார்த்திருக்கிறாள்.

அடுத்த தை மாதம் சுப்பராயலு வீட்டுக்கு மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து சம்பந்திகள் வந்திருந்தார்கள். ஏரியைப் பார்க்க வில்வண்டியில் போனார்கள். வண்டிச் சலங்கையைக் கேட்டதும் சின்னக்கண்ணு எழுந்து நிற்பதற்காகக் கயிற்றைப் பிடித்தான். அவன் பாதி எழுந்து தொங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டி கடந்துபோய்விட்டது. மரத்தில் தொங்குகிற ஆளையும், கீழே நாற்காலியையும் பார்த்துச் சம்பந்தி வீட்டார் என்னவோ கேட்டார்கள். சுப்பராயலு தலையைத் திருப்பிக்கொண்டார்.

இந்தத் தடவை யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மல்லாட்டை பிடுங்குகிற நாள் வந்தது. சேரிக்கு வேலைக்குக் கூப்பிட ஆள் வரவில்லை. பனமலைப் பக்கத்திலிருந்து வண்டிகளில் கூலியாட்கள் வந்து இறங்கினார்கள். சேரி ஆண்களும் பெண்களும் கரைமேல் நின்று, தாங்கள் விதைத்த காட்டை வேற்றூர்க்காரர்கள் பிடுங்குவதைப் பார்த்தார்கள். அந்த வாரம் முழுக்கப் பல வீடுகளில் அடுப்பு புகையவில்லை.

சேரிக்குப் பெரியதனம் பார்க்கிற பச்சைமுத்து ஒருநாள் சாயந்திரம் வந்தார். சின்னக்கண்ணுவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"யம்மா சவுரி, நான் இன்னா சொல்ல வந்தேன்னு ஒனக்கே தெரியும்."

"உள்ள வச்சிக்கறேண்ணே. வெளிய எடுக்கவே மாட்டேன். மேக்கால சுவத்துல ஜன்னல் மாதிரி ஒண்ணு வெட்டிட்டா வெளிச்சம் வரும். அவரு உள்ளயே குந்திக்குவாரு."

"அத்தயும் கேட்டுப் பாத்துட்டேன். உள்ள வச்சாலும் நாற்காலி நாற்காலிதானாம். சேரில நாற்காலி இருக்கப்படாதாம்." பச்சைமுத்து துண்டால் கண்ணைத் துடைத்தார். "எம் பேத்திக்கு மூணு நாளா மல்லாட்டத் தோலக் கழுவிக் கஞ்சி காச்சறோம்மா. நான் ஒன்ன வையறதுக்கு வரல. எனக்கு வேற வழி தெரியல."

அவள் சண்டைபோடத் தயாராகத்தான் இருந்தாள். அவர் திட்டியிருந்தால் போட்டிருப்பாள். அவர் அழுதுகொண்டு நின்றார். சின்னக்கண்ணுதான், "எடுத்துக்கினு போச் சொல்லு சவுரி. ஜல்தியா எடுத்துக்கினு போச் சொல்லு" என்றான்.

உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அப்போது வழி சொன்னவர் ராஜாமணி உபதேசியார். சேரி ஓரத்தில் கீற்றுக் கொட்டகையாக இருந்த மாதா கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். மாதம் ஒருமுறை விழுப்புரத்திலிருந்து பூசை வைக்கச் சாமியார் வருவார். அவர் உட்கார ஒரு பெட்டியைத்தான் கவிழ்த்துப் போடுவார்கள்.

"கோயிலுக்குன்னு குடுத்துட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் உபதேசியார். "நான் போய்ப் பெரிய வூட்ல கேட்டுட்டுத்தான் வர்றேன். சாமியார் குந்தறதுன்னா தடையில்லன்னுட்டாரு." பிறகு தயங்கினார். "ஒண்ணுதான். இவ்ளோ தாழ்வா இருந்தா சாமியாருக்கு நல்லாருக்காது. பழையபடி கால ஒசத்திக் குடுத்தியான்னா..."

சவுரியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நல்ல மனுஷர். தான் என்ன கேட்கிறோம் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது, முகம் கறுத்துப்போயிருந்தது.

அவள் உயர்த்திக் கொடுத்தாள். கருவேலங்கட்டை வெட்டிவந்து, நாலு காலிலும் பள்ளமாகக் காடி எடுத்துப் பொருத்தி, ஆணி அடித்து, நாரை ஈரத்தோடு இறுக்கிச் சுற்றினாள். காய்ந்ததும் இரும்பு மாதிரி பிடித்துக்கொண்டது. அவள் செய்த வேலைகளிலேயே சுத்தமானது அதுதான். அரைகுறையாகச் செய்து, சாமியார் பாரத்துக்கு அது முறியட்டும் என்று விட்டிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது. ஆனால் அவள் கைக்கு அப்படிச் செய்யத் தெரியவில்லை.

சாமியார் வந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. ஜனங்கள் மண்தரையில் உட்கார்ந்தார்கள். தரையில் உட்கார முடியாத சின்னக்கண்ணு மட்டும் கடைசியில், மூங்கில் தூணில் சாய்ந்து, பூசை முடிகிற வரை நின்றான். சாமியார் வயதானவர், பிரசங்கம் முடிந்து நாற்காலியில் சாய்ந்ததும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"ரொம்ப வசதியா இருக்கே. யார் கொடுத்தது?" என்று கேட்டார்.

"சேரி ஜனங்க எல்லாருமாச் சேந்து குடுத்தாங்க சாமி" என்றார் உபதேசியார்.

சாமியார் எல்லாரையும் ஆசீர்வதித்தார். சவுரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். பின்னால் நிற்கிறவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரமே சுப்பராயலு வீட்டிலிருந்து சேரிக்கு வேலைக்குக் கூப்பிட ஆள் வந்தது.

கோடை பிறந்ததும், "மண்ணுலயே சுவத்தோட சாஞ்சி குந்தற மாதிரி ஒண்ணு கட்டறேன்யா. இந்தவாட்டி செங்கத் துண்டு வச்சிக் கட்டறேன், கரையாது" என்று சவுரியம்மாள் சொன்னாள்.

"வேணாம் சவுரி. அப்புறம் அத்தயும் இடிக்கச் சொல்வாங்க. நீயே இடிக்கணும்" என்றான். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். செங்கல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டுவந்து வாசலில் குவித்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. படுத்துக்கொண்டான். நிற்பதை விட்டான், பிறகு கயிறு திரிப்பதையும் விட்டான். படுத்தபடியே சாக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். முதுகில் புண் வந்தது. வேப்பிலை அரைத்துப் பூசினாள். பூசப்பூச இன்னோர் இடத்தில் வந்தது. செங்கல் குவியலை அஞ்சம்மாள் கேட்டாள், எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

உலகச் சண்டை வந்து அரிசி கிடைக்காமல் போன வருஷங்கள் அப்புறம் வந்தன. கேப்பையும் கிடைக்கவில்லை. நாற்பத்துமூன்றாம் வருஷம் கார்த்திகை மழையில் சின்னக்கண்ணு செத்துப்போனான். பெட்டிக்குப் பலகை இல்லை. பாயில் சுருட்டித்தான் அடக்கம் பண்ணினார்கள். நீட்டிய கால் பாய்க்கு வெளியே தெரிந்தது என்று சொல்கிறார்கள்.

சவுரியம்மாள் குடிசையைப் பச்சைமுத்துவின் மகனுக்கு விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கு அக்காவிடம் போய்விட்டாள். அரிசி மில்லுக்குப் பின்னால் இருவருக்கும் ஓடு வேய்ந்த ஓர் அறை. மில்லில் தவிடு புடைக்கிற வேலை. அக்காளுக்கு வயதாகிக் கண் மங்கிவிட்டது.

முதல் மழையிலேயே ஓடு ஒழுகிற்று. சவுரியம்மாள் படுக்கிற இடத்தில்தான் சொட்டியது.

"ஒரு ஓடுதாம்மே ஒடஞ்சிருக்குது. ஏணி வேணும்னா மில்லுல கேட்டா குடுப்பாங்க. ஒனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றாள் லூர்துமேரி.

"ஆவட்டும்க்கா" என்றாள் சவுரியம்மாள்.

எழுந்து, பாயைச் சுருட்டி எதிர்ச்சுவர் ஓரமாகப் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்தாள். மறுவருஷ மழையிலும் அப்படியேதான் செய்தாள்.